நிலை பெயர்தலும் நிலைநிறுத்தலும்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, அறவோர் முன் ஒரு வினாவை வைக்க விழைகின்றோம். ஒருவர் தாமே விரும்பி மேற்கொண்ட செயலால் பின்னர்த் துன்பம் எய்தினால், அவருக்குத் துணை நிற்பது அறமா? அன்றி, 'அவரவர் வினைப்பயனை அவரவரே நுகர்தல் வேண்டும்' என்று சொல்லி விலகி நிற்பது அறமா? நூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது இதற்கு விடை எளிது. துன்புற்றவர் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போதுதான் விடை கடினமாகின்றது.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட செய்தி இத்தகைய பக்கங்களில் வழக்கமாகப் பேசப்படுவதன்று. பெண்கள் சிலர் மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள அறுவைச் சிகிச்சை செய்துகொள்கின்றனர். அப்போது உள்ளே வைக்கப்படும் சிலிக்கோன் பை, சிலருக்கு வைத்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகின்றது. இதைப் படிக்கும் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பே இக்கட்டுரையின் பொருளாதலின், அவர்களும் பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகின்றோம்.

வாயிலில் வந்த வினா

கம்பம் பள்ளத்தாக்கில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த காலத்தில் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி. தந்தையாரின் அரசுப்பணி நிமித்தம் வடமாவட்டத்திலிருந்து தேனிப் பக்கம் வந்து நிலைத்துவிட்ட நம் சமுதாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவளுடைய ஒப்புதல் பெற்றே இதனை எழுதுகின்றோம். அவள் இன்னாள் என்று அறிய இயலாதபடி சில குறிப்புகளை விடுத்துள்ளோம்.

பயிற்சி முடித்து ஆசிரியப் பணியில் அமர்ந்தபின் அவளுக்கு வரன் பார்த்தார்கள். நான்கு முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்றாம் முறை வந்தவர்களுள் ஓர் அம்மையார் கூடத்தைவிட்டு எழும்போது, "பெண் பலகைபோல் இருக்கிறாளே" என்று அருகிலிருந்தவரிடம் சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆயினும் உள்ளறையில் நின்றவள் காதில் அது விழுந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு இரண்டாண்டு ஊதியத்தைச் சேமித்து, பெருநகர் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டாள். பின்னர்த் திருமணமும் நடந்தது. ஆண்டுகள் சில சென்றன. இடப்பக்கத்துப் பை மெல்லக் கீழும் புறமுமாக நகர்ந்து அக்குளை நோக்கிச் சரிந்தது. படுத்தால் ஒருக்களித்து ஓடுகின்றது. கரும்பலகையில் கையுயர்த்தி எழுதினால் வலிக்கின்றது. ஒரு மாலைப்பொழுதில் நம் இல்லத்துக்கு வந்து இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, "டீச்சர், இது நான் செய்த பாவத்துக்குத் தண்டனையா? மறுபடியும் கத்தி வைத்துக்கொண்டால் அது இன்னொரு பாவமா?" என்று கேட்டாள்.

நாம் என்ன செய்தோம்? அசுசி அனுப்பிரேட்சையை எடுத்துரைத்தோம். உடல் என்பது என்பும் தோலும் குருதியும் சேர்ந்த தூய்மையற்ற பொதி. அதனை அழகுபடுத்த முனைவது மயக்கம். ஆன்மா வேறு, உடல் வேறு என்றெல்லாம் அரைமணி நேரம் பேசினோம். வகுப்பில் அமர்ந்திருந்த நாட்களைப் போலவே தலைகுனிந்து கேட்டாள். கொடுத்த நீரைக் குடித்தாள். போய்வருகிறேன் என்று சொல்லிச் சென்றாள்.

நான்கு மாதங்கள் அவள் வரவில்லை. பிறகு அவளுடைய தாயார் தொலைபேசியில் அழுதார். மகள் எந்த மருத்துவரிடமும் செல்லவில்லை என்றும், பை சரிந்த இடத்தில் தோல் மெலிந்து சிவந்துவிட்டது என்றும் சொன்னார். "டீச்சர் சொன்னது சரிதான், இந்த உடலுக்கு இது போதும் என்கிறாள், அம்மா" என்றார்.

பாடத்தைத் தொடங்கும் முன் மாணவரின் நிலையை அறிக என்று ஆண்டுதோறும் பயிற்சி மாணவியருக்குக் கற்பித்தவர் நாம். அந்த முதற்பாடத்தையே நம் வீட்டுத் திண்ணையில் மறந்துவிட்டோம். நாம் சொன்னவற்றில் பொய் ஒன்றுமில்லை. எல்லாம் ஆகமத்துக்கு ஒத்தவையே. உண்மையையே சொல்லி ஓர் உயிருக்கு ஊறு செய்ய முடியும் என்பதை அன்று உணர்ந்தோம். எங்கே தவறினோம் என்று ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

உள்ளே நடப்பது என்ன?

அறம் பேசும் முன் செய்தியை அறிதல் முறை. சிலிக்கோன் பை வைத்து மார்பகத்தைப் பெரிதாக்கும் முறை 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தொடங்கியது. தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் மருத்துவர்கள் டிம்மி ஜீன் லிண்ட்சே என்னும் பெண்ணுக்கு முதன்முதலாக இதனைச் செய்தனர். ஆறு குழந்தைகளுக்குத் தாயான அவர், உடலில் பச்சை குத்தியிருந்ததை நீக்கிக்கொள்ளவே மருத்துவமனைக்குச் சென்றவர். மருத்துவர்கள் இதனைச் செய்துகொள்ள விருப்பமா என்று கேட்டபோது, தம் காதுகளைச் சீர்செய்வதையே பெரிதும் விரும்புவதாகச் சொன்னார். இரண்டையும் செய்தார்கள். அவருக்கு முன்னரே எஸ்மெரால்டா என்னும் நாயின் உடலில் இந்தப் பை வைத்துச் சோதிக்கப்பட்டது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். வாயில்லா உயிர் ஒன்றின் உடலில் தொடங்கி, தானாக நாடி வராத ஒரு தாயின் உடலில் தொடர்ந்தது இந்த வரலாறு.

பையை உள்ளே வைத்ததும் உடல் அதனை அயற்பொருள் என்று உணர்ந்து, அதனைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உறை ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்கின்றது. இந்த உறை தளர்ந்தால் பை நகர்கின்றது. மிகுதியாக இறுகினால் பை நசுங்கி மேலேறிக் கல்போல் ஆகின்றது. தளர்ந்தாலும் இடர், இறுகினாலும் இடர். அறுவையின்போது பைக்காகச் செய்யப்படும் இடம் அளவுக்கு மேல் பெரிதாகிவிட்டாலும், மார்பின் அடிமடிப்பு சிதைந்துவிட்டாலும், உடலின் மென்திசு தாங்க இயலாத அளவுக்குப் பை கனமாக இருந்தாலும் இடம்பெயர்தல் நேரும். சிலருக்குக் கீழ்நோக்கி இறங்கும். சிலருக்குப் புறத்தே அக்குளை நோக்கி ஒதுங்கும். சிலருக்கு இரண்டு பைகளும் நடுமார்பில் நெருங்கிவிடும். துளி வடிவில் செய்யப்பட்ட பை உள்ளேயே திரும்பிக்கொள்வதும் உண்டு. தசைக்கு அடியில் வைத்திருந்தால், தசை சுருங்கும்போதெல்லாம் பை தள்ளப்படும்.

இதனைச் சீர்செய்ய வழிகள் உள்ளன. உறையைத் தைத்துக் குறுக்கலாம். பைக்குப் புதிய இடம் அமைக்கலாம். வலை போன்ற தாங்கு பொருளை வைத்துத் தைக்கலாம். பையை அறவே எடுத்தும் விடலாம். பொதுவாக இஃது உடனே உயிருக்கு இடர் தருவதன்று. ஆயினும் திடீர் வீக்கம், சிவப்பு, காய்ச்சல், தோல் மெலிதல் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது. ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலும் அவ்வாறே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

அந்தப் பிற்கால வீக்கத்துக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. உறை இறுகாமலும், பை நழுவாமல் திசுவைப் பற்றிக்கொண்டும் இருக்கும்பொருட்டுச் சில நிறுவனங்கள் பையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்தன. அத்தகைய பை வைத்துக்கொண்டவர்களுள் சிலருக்கு, அரிதாக, ஒருவகை நிணநீர்ப் புற்று தோன்றுவது கண்டறியப்பட்டது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில், இத்தகைய பைகள் வாழ்நாள் முழுதும் நிலைக்கும் பொருள்கள் அல்ல என்பதை உள்ளிட்ட கடும் எச்சரிக்கையை அவற்றுடன் கட்டாயமாக்கியது. நிலையாமையைப் பன்னிரண்டு சிந்தனைகளுள் முதலாவதாக வைத்த நம் ஆசாரியர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆயின் அறுவை மேசையில் ஏறும் பெண்ணுக்கு இதனை முன்னரே தெளிவாகச் சொல்ல வேண்டியது சிகிச்சை செய்வோரின் கடமை. நம் மாணவிக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

வினைப்பயன் என்னும் சொல்

அவள் கேட்ட முதல் வினாவுக்கு வருவோம். இது முன்வினையின் தண்டனையா?

நம் கர்ம சித்தாந்தம் உடலமைப்பை நாமகர்மத்தின் பயன் என்கின்றது. அதன் உட்பிரிவுகளுள் நிர்மாண நாமகர்மம் என்பது ஒன்று. உறுப்புகள் உரிய இடத்தில், உரிய அளவில் அமைதல் அதன் செயல். உடலின் வடிவத்தை ஆறு வகை ஸம்ஸ்தானங்களாகப் பிரிக்கும் நாமகர்மமும் உண்டு. இடமும் அளவும் பற்றி இத்துணை நுட்பமாகச் சிந்தித்த சமயம் நம்முடையது. ஆதலின் சிலர், 'நிர்மாண கர்மம் தந்த அளவை இவள் மாற்றினாள், ஆகவே இடம் பெயர்ந்தது' என்று எளிதாக முடித்துவிடுவர். இவ்வாறு சொல்வோர் இரண்டு பிழைகளைச் செய்கின்றனர்.

முதலாவது, நம் நெறியில் தண்டிப்பவன் ஒருவன் இல்லை. வினை தன் இயல்பால் பயன் தருகின்றது; அது சினம்கொண்டு ஒறுப்பதில்லை. 'தண்டனை' என்னும் சொல்லே நம் சித்தாந்தத்துக்கு அயலானது.

இரண்டாவது, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே காரணத்தைச் சொல்வது ஏகாந்தம். காலம், இயல்பு, நியதி, முன்வினை, மனித முயற்சி ஆகிய ஐந்தும் கூடியே ஒரு செயல் நிகழ்கின்றது. இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது மித்தியாத்துவம் என்று சித்தசேன திவாகரர் தம் சன்மதி தர்க்கத்தில் நிறுவியுள்ளார். இங்கே காலம் என்பது கடந்த ஆண்டுகள். இயல்பு என்பது அயற்பொருளைச் சூழ்ந்து உறை நெய்யும் உடலின் குணமும், கனத்தைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பும். மனித முயற்சி என்பது மருத்துவரின் கைத்திறனும் பையைச் செய்தவரின் நேர்மையும்.

கடைசியாகச் சொன்ன நேர்மை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சு நாட்டில் சான்று உண்டு. 1991இல் தொடங்கப்பட்ட பி.ஐ.பி. என்னும் நிறுவனம், மருத்துவத்துக்கென ஒப்புதல் பெறாத, தொழிற்சாலைகளுக்கு உரிய மலிவான சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்றது. 2010இல் அப்பைகள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. அதற்குள் ஏறத்தாழ 65 நாடுகளில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உடலில் அவை இடம்பெற்றுவிட்டன. அதன் நிறுவனர் ஜான் குளோட் மாஸ் என்பவருக்கு 2013இல் மார்சேய் நகர நீதிமன்றம் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பைகள் கிழிந்து கசிந்த பெண்களிடம் சென்று, 'இஃது உங்கள் முன்வினை' என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த மோசடி வெளிவந்திருக்குமா? முன்வினையை மட்டும் காட்டும் வாய், பல வேளைகளில் இம்மையில் குற்றம் செய்தவனை மறைத்துவிடுகின்றது. பிறர் துன்பத்துக்கு முயற்சியின்மையைக் கற்பிக்கக் கர்ம சித்தாந்தம் அருளப்படவில்லை. நம் முயற்சியை நாமே நேர்செய்துகொள்ளவே அஃது அருளப்பட்டது.

யாருடைய ஆசை?

'ஆயினும் ஆசைப்பட்டது அவள்தானே?' என்று கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. பற்று என்பது பொருளில் இல்லை, அதன்மேல் கொண்ட மயக்கத்தில் உள்ளது என்பது உமாஸ்வாமிகள் வகுத்த இலக்கணம். அவளுக்கு அழகின்மேல் மயக்கம் இருந்தது என்பதை அவளே மறுக்கவில்லை.

ஆனால் நம் நூல்கள் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றாகப் பகுக்கின்றன. கத்திக்குக் கீழே படுத்தவள் செய்தாள். 'பலகை' என்று சொன்ன வாய் செய்வித்தது. அதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்த கூடம் உடன்பட்டது. நம்முடையது சிறு சமுதாயம். மணமகன், மணமகள் விவரக் குறிப்புகளை நாமே எழுதுகின்றோம். நிறம் என்ன, உயரம் என்ன, தோற்றம் எப்படி என்று முதலில் கேட்டுவிட்டு, விரதம் உண்டா, கல்வி உண்டா என்று பிறகு கேட்கின்றோம். இவ்வாறு உடலை எடைபோட்டுவிட்டு, எடைக்கு அஞ்சியவளைப் பார்த்து 'உடல்மேல் பற்று கூடாது' என்று போதிப்பது எவ்வளவு பொருந்தும்? அந்தப் பெண் பார்த்த நிகழ்ச்சியில் நாம் இல்லை. ஆயினும் அத்தகைய கூடங்கள் பலவற்றில் நாமும் அமர்ந்து சிற்றுண்டி உண்டு, மௌனமாக எழுந்து வந்திருக்கின்றோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைத் துறையின்கீழ் 2018 பிப்ரவரியில் மார்பகச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தோர்க்கு மீட்டமைப்பதோடு, பெரிதாக்குதல், சிறிதாக்குதல் ஆகியவற்றையும் ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் செய்வோம் என்று அறிவித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் இதனை ஆதரித்துப் பேசினார். உயிர்காக்கும் சிகிச்சைகள் காத்திருக்க, மக்கள் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தின் இருபுறத்திலும் நியாயம் இருந்தது. நாம் ஈண்டுக் கருதுவது வேறு. ஒரே பிரிவின் வாயிலில், ஒரே விசுப்பலகையில், புற்றுநோய்க்கு மார்பை ஈந்த தாயும், ஏளனத்துக்கு அஞ்சிய கன்னியும் அருகருகே அமர்ந்திருப்பர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற மார்பில் உறை இறுகும் இடர் மிகுதி என்பர் மருத்துவர். ஒருத்தியின் துன்பத்துக்குக் காரணம் நோய், மற்றவளுக்குக் காரணம் ஆசை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எவ்வாறு அறிவார்? அறியாமல் பழி கூறுவதும் ஒரு வாய்மைப் பிழையே.

அருவருப்பு யாருக்கு உரியது?

இனி நம் தவற்றுக்கு வருவோம். அசுசி அனுப்பிரேட்சை பொய்யா? அன்று. அப்படியானால் அவளிடம் அதைச் சொன்னது ஏன் தவறாயிற்று?

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் கூறுகின்றன. ஐயமின்மை, அவாவின்மை, அருவருப்பின்மை, மயக்கமின்மை, பிறர் பழியை மறைத்தல், வழுவியோரை நிலைநிறுத்தல், பேரன்புடைமை, அறம் விளக்கல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதான அருவருப்பின்மை, அதாவது நிர்விசிகித்ஸை, நம் தவற்றைச் சுட்டிக் காட்டியது.

அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் உத்தாயன மன்னர். தேவன் ஒருவன் அவரைச் சோதிக்க எண்ணித் தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்தான். உணவேற்று, அங்கேயே வாந்தியும் எடுத்தான். நாற்றம் தாங்காமல் சுற்றியிருந்தோர் ஓடினர். மன்னரும் தேவி பிரபாவதியும் அகலவில்லை. தாம் இட்ட உணவில் ஏதோ பிழை போலும் என்று தம்மையே நொந்துகொண்டு, அவ்வுடலைக் கழுவித் தூய்மை செய்தனர்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. உடல் தூய்மையற்றது என்னும் சிந்தனை, ஒருவர் தம் உடலைக் குறித்துத் தாமே எண்ணிப் பற்று நீங்குவதற்கு உரியது. பிறர் உடலைக் காணும்போது நமக்கு விதிக்கப்பட்டது அருவருப்பின்மை. அசுசிச் சிந்தனை தன்பால், நிர்விசிகித்ஸை பிறர்பால். நாம் இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டோம். நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதை, வலியுடன் வந்தவள் தலையில் சுமத்தினோம். அறமும் இடம் பெயர்ந்தால் ஊறு செய்யும். அவளிடம் பை ஒன்று நிலை பெயர்ந்தது. நம்மிடம் போதனை நிலை பெயர்ந்தது.

நிலைநிறுத்தல்

எட்டனுள் ஆறாவது உறுப்பு ஸ்திதிகரணம். நெறியினின்றும் நழுவியவரை மீண்டும் அவரவர் நிலையில் நிறுத்துதல் என்பது அதன் பொருள். இதற்கு எடுத்துக்காட்டு சிரேணிக மன்னனின் மைந்தர் வாரிஷேண முனிவர். அவருடைய நண்பர் புஷ்பதாளர் துறவு பூண்டும், இல்லத்தில் விட்டுவந்த மனைவியை மறக்க இயலாமல் தவித்தார். அம்மங்கைக்கு ஒரு கண் பார்வை இல்லை. வாரிஷேணர் அவரை இழிக்கவில்லை; விலக்கவுமில்லை. உடன் நடந்து தம் பழைய அரண்மனைக்கே அழைத்துச் சென்றார். தாம் துறந்த அரசையும் அழகிய தேவியரையும் காட்டி, வேண்டுமாயின் இவற்றை ஏற்றுக்கொள்க என்றார். புஷ்பதாளர் நாணித் தெளிந்தார். நிலைநிறுத்துவோர் உடன் நடக்க வேண்டும் என்பது இக்கதையில் நாம் கண்ட பாடம். இருந்த இடத்திலிருந்தே சொல்லை மட்டும் வீசுவது ஸ்திதிகரணம் ஆகாது.

உடன் நடந்த இன்னொரு துறவியை இந்தப் பள்ளத்தாக்கு அறியும். கூடலூருக்கு மேலே, தமிழக கேரள எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கின்றது. சித்திரை முழுநிலவன்று பளியன்குடி வழியாக மக்கள் மலையேறுவர். தன் இடமார்பைத் திருகி மதுரைமேல் எறிந்த பெண்ணுக்கு எழுந்த கோயில் அது. ஒரு பெண்ணின் மார்பு பிறர் கண்ணுக்கு விருந்தாகப் படைக்கப்பட்டதன்று, நீதி கேட்கும் அவளுடைய உயிரின் பகுதி அது என்று நம் நாட்டுப் பெருங்காப்பியம் கண்டிருக்கின்றது. அந்தக் கண்ணகிக்கு மதுரைவரை வழித்துணையாக வந்தவர் நம் சமயத் துறவியான கவுந்தியடிகள். வழியில் காமுகர் இருவர் ஏளனம் பேசியபோது அவர் கண்ணகிக்கு உபதேசம் செய்யவில்லை. ஏளனம் செய்தோரைச் சினந்து சபித்தார். பின்னர் அவளும் கோவலனும் வேண்டியதால் சாபத்துக்கு ஓராண்டு என்று எல்லையும் வகுத்தார். மதுரையை அடைந்ததும் மாதரியிடம் அவளை அடைக்கலமாக ஒப்படைத்தார். காலடியில் சிற்றுயிர் மாளுமோ என்று வழிநெடுக அஞ்சியவர், உடன் வரும் பெண்ணின் மனம் மாளாமலும் காத்தார். உத்தமபாளையம் பாறையில் வட்டெழுத்துப் பெயர்களோடு நிற்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களை மாணவியருக்குக் காட்ட நாம் அழைத்துச் சென்ற போதெல்லாம் கவுந்தியடிகளைப் பற்றிப் பேசியிருக்கின்றோம். அன்று பேசியது வேறு. இன்று செய்ய வேண்டியது வேறாக இருந்தது.

மறுநாள் அவள் இல்லத்துக்குச் சென்றோம். "அன்று நாம் சொன்னது உனக்கு உரிய பாடம் அன்று. நாளை மருத்துவரிடம் போவோம், நாமும் வருகிறோம்" என்றோம். அவள் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பேருந்தில் உங்களுக்கு முதுகு வலிக்குமே டீச்சர்" என்றாள்.

கொல்லாமையும் கத்தியும்

அவளுடைய இரண்டாம் வினா, மறுபடியும் அறுவை செய்துகொள்வது பாவமா என்பது. இம்சை என்பது கவனமின்மையும் தீய உள்ளமும் கலந்து உயிருக்கு ஊறு செய்தல் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. கொலைஞன் கையிலும் கத்தி உண்டு. மருத்துவர் கையிலும் உண்டு. உள்ளமே வேறுபாடு. வலியை நீக்கவும் தோல் கிழியாமல் காக்கவும் செய்யப்படும் அறுவை, தன்னுயிரையும் ஓர் உயிர் என மதிப்பதேயாகும். தன் உடலை வேண்டுமென்றே நோயில் விட்டு வைப்பது தவமாகாது. அதற்குத் தன்னிம்சை என்று பெயர்.

ஆயின் நம் குடும்பத்தார் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்கே இருக்கின்றது. நகர்ந்த பையைத் தாங்கிப் பிடிக்கச் சில மருத்துவர்கள் செல்கள் நீக்கப்பட்ட தோலைத் தாளாகப் பயன்படுத்துவர். அத்தோல் பன்றியினுடையதாகவோ, மாட்டினுடையதாகவோ இருக்கலாம். கொடையாகப் பெற்ற மனிதத் தோலும் உண்டு. இவையன்றிச் செயற்கை இழையால் நெய்த, உடலில் மெல்லக் கரையும் வலைகளும் கிடைக்கின்றன. தைக்கும் நூலிலும் விலங்கின் குடலிலிருந்து எடுப்பது ஒன்று; செயற்கை நூல் மற்றொன்று. மருந்து உறைகளில் ஜெலட்டின் இருக்கும். இவற்றை அறுவைக்கு முன்னரே கேட்பது நோயாளியின் உரிமை. மருத்துவர் சினந்துகொள்வார் என்று அஞ்ச வேண்டா. நாங்கள் கேட்டபோது அந்த மருத்துவர் வியந்தார். ஆயினும் பொறுமையாக விளக்கி, செயற்கைப் பொருளே போதும் என்றார். உள்ளே வைத்த பையின் பெயரும் எண்ணும் குறித்த அட்டையை மருத்துவமனையிடம் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தலும் இன்றியமையாதது. நம் மாணவியிடம் அது இல்லாமையால் முதலில் வைத்த பை எந்த நிறுவனத்தது என்பதை அறியப் பெரும்பாடு பட்டோம்.

இனி இத்தகைய சிகிச்சையை எண்ணும் இளம்பெண் யாரேனும் இதனைப் படித்தால், அவளுக்கு நாம் தடை சொல்லவில்லை. மூன்று வினாக்களை மட்டும் முன்வைக்கின்றோம். இந்த விருப்பம் உன்னுடையதா, யாரோ சொன்ன ஒரு சொல்லினுடையதா? இது வாழ்நாள் முழுதும் நிலைக்காது, மறு அறுவையும் தொடர் சோதனையும் வேண்டியிருக்கும் என்பதை அறிந்தும் வேண்டுமா? நுகர்பொருளுக்கு எல்லை வகுப்பது சிராவக விரதங்களுள் ஒன்று. உன் எல்லை எது? இவற்றுக்கு விடை கண்டபின் அவள் எடுக்கும் முடிவு அவளுடையது. அம்முடிவு தவறாகிப் போனால் அவள் திரும்பி வருவதற்கு நம் வாயில் திறந்திருக்க வேண்டும். அது நம் கடமை.

நம் மாணவி இரண்டு பைகளையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். நாம் சொல்லி அவள் செய்யவில்லை. சீர்செய்து வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தாலும் நாம் உடன் சென்றிருப்போம். புண் ஆறிவிட்டது. கண்ணாடி முன் நிற்கும் சில நாட்களில் அந்தப் பழைய சொல் காதில் விழுகின்றது என்று சொல்கின்றாள். அச்சொல்லை அகற்றும் அறுவை எதுவும் இல்லை. அதற்கு மருந்து நம் இல்லங்களில்தான், பெண் பார்க்கும் கூடங்களில்தான் இருக்கின்றது.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் சாலையின் இருமருங்கும் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் ஓரிடத்தில் குலைகளின் கனம் தாங்காமல் கம்பி தாழ்ந்திருந்தது. தோட்டக்காரர் ஒருவர் கொடியைத் தோளில் தாங்கிக்கொண்டு, மறுகையால் கம்பியை முறுக்கி இறுக்கிக்கொண்டிருந்தார். கொடியை அவர் கடிந்துகொள்ளவில்லை. தாழ்ந்ததைத் தாங்கும் தோள் முதலில். இறுக்கும் கை பிறகு. அந்த வரிசையை நாம் எழுபது வயதுக்குமேல் கற்றோம். இதனைப் படிப்போர் இன்னும் முன்னதாகவே கற்றுக்கொள்வாராக.

அறம் வளர்க! அருள்நெறி ஓங்குக!